94–96 இம்பாலா எஸ்எஸ்: என்ன தொல்லைக்கு எங்க பார்க்கணும்

இந்தக் காரப் பத்தி யார்கிட்ட கேட்டாலும் முதல் பதில் "ஆப்டிஸ்பார்க் போயிருக்கும், மாத்திடு"ன்னுதான் வரும். ஆப்டிஸ்பார்க்னா இந்த எஞ்சின்ல ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறியப் பிரிச்சு அனுப்பற டிஸ்ட்ரிபியூட்டர், சுருக்கமா ஆப்டி. மிஸ்ஃபயரா (ஏதோ சிலிண்டர் சரியா எரியாம எஞ்சின் நடுங்குதா), ஆப்டி. ஸ்டார்ட் ஆகலையா, ஆப்டி. ஹைவேல நின்னுடுச்சா, அதுவும் ஆப்டி. அந்தப் பார்ட் போறது உண்மைதான், ஆனா தானா போறத விட மேலேர்ந்து கூலன்டோ பின்னாடிலேர்ந்து ஆயிலோ இறங்கி நனைஞ்சு போறதுதான் அதிகம், அந்த ஒழுகல நிறுத்தாம புதுசு வாங்கி மாட்டினா புதுசும் அதே வழியிலதான் போகும். அதனால இங்க நான் பார்ட் வாரியா எழுதாம காருக்கு என்ன ஆகுதுங்கறத வச்சு எழுதறேன், எத முதல்ல செக் பண்ணணும், எத கடைசியா வாங்கணும்ங்கற வரிசை தெரிஞ்சா பாதி காசு மிச்சம்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 1994லேர்ந்து 96 வரைக்கும் டெக்சாஸ்ல ஆர்லிங்டன் ப்ளான்ட்ல செவ்ரலே போட்ட கார் இது. போலீஸ்காரங்க ஓட்டின காப்ரிஸோட சஸ்பென்ஷன், நாலு வீலுக்கும் டிஸ்க் பிரேக், 17 இன்ச் வீல், கார்வெட்ல வந்த அதே 5.7 லிட்டர் எல்டி1 வி8 ஆனா ஹெட் அலுமினியத்துக்குப் பதிலா இரும்பு, 260 குதிரைசக்தி, பின்னாடி 4எல்60இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். மூணு வருஷமும் சேர்த்து 70 ஆயிரத்துக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் போட்டாங்க, 94ல கருப்பு மட்டும்தான். இப்போ எல்லா காருக்கும் முப்பது வயசு ஆகிடுச்சு, ரப்பர், சீல், வயர் இதெல்லாம் தேதி முடிஞ்சு போச்சுன்னு வச்சுக்கிட்டுத்தான் ஆரம்பிக்கணும்.

இன்னொண்ணு, காரோட கம்ப்யூட்டர்லேர்ந்து கோளாறு கோட் படிக்கிற ஸ்கேனர். 96 மாடல் ஓபிடி2 (எல்லா காருக்கும் பொதுவான புது முறை), சாதாரண ஸ்கேனரே போதும். 95 மாடல்ல ப்ளக் பார்க்க அதே மாதிரி 16 பின் இருக்கும், ஆனா அது உள்ள பேசறது பழைய முறை, புது ஸ்கேனர் மாட்டிட்டு "கம்ப்யூட்டர் செத்துடுச்சு"ன்னு சொல்ற மெக்கானிக்க நம்பாதீங்க. 94, 95க்கு ஓபிடி1 டேட்டா படிக்கிற டூலோ, லேப்டாப்புக்குக் கேபிளும் சாஃப்ட்வேரும் சேர்த்தோ வாங்கி வச்சுக்கோங்க, ஒரு தடவை செலவு.

மழை பெஞ்சா, இல்ல கார் கழுவினா மிஸ்ஃபயர்

இதுதான் எல்லாரும் சொல்ற தொல்லை, நல்லா புரிஞ்சுக்க வேண்டியதும் இதுதான். ஆப்டிஸ்பார்க்ங்கறது டிஸ்ட்ரிபியூட்டர்தான், ஆனா மத்த வண்டில இருக்கிற மாதிரி மேல பின்னாடி கெடையாது, எஞ்சினோட முன் முகத்துல, கேம் ஷாஃப்ட்லேர்ந்தே நேரா சுத்தற மாதிரி, வாட்டர் பம்புக்குக் கீழ ஒட்டினாப்ல வச்சிருக்காங்க. உள்ள ஒரு மெல்லிசான தகடு, அதுல ஓரமா 360 துளை, உள்வட்டத்துல 8 துளை, ஒரு ஆப்டிகல் சென்சார் அந்தத் துளை வழியா வர்ற வெளிச்சத்த எண்ணிக்கிட்டே இருக்கும். அதே டப்பாக்குள்ளயே ஹை வோல்டேஜ் ரோட்டரும் சுத்துது. ஈரம் உள்ள போனா கேப்புக்குள்ள கரன்ட் வழி மாறிப் பாயும், அதுதான் அந்த நடுக்கம்.

ஆனா ஆப்டிக்குப் போறதுக்கு முன்னாடி ப்ளக் வயரப் பாருங்க. இந்த எஞ்சின்ல வயர் எல்லாம் கீழேர்ந்து கிளம்பி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் பக்கமா ஒளிஞ்சு ஒளிஞ்சு போகுது, எங்கயாவது கிளிப் உடைஞ்சு ஒரு வயர் மேனிஃபோல்ட்ல சாஞ்சு கருகியிருக்கும். ராத்திரி, லைட் எல்லாம் அணைச்சுட்டு, எஞ்சின் ஐடில்ல விட்டு, ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி எடுத்து ஒவ்வொரு வயர் மேலயும் லேசா பனி மாதிரி அடிங்க, கையும் தொங்கற துணியும் ஃபேன் பக்கம் போகாம பார்த்துக்கோங்க. எந்த வயர் லீக் ஆகுதோ அங்க நீலமா பொறி தெரியும், டிக் டிக்னு சத்தமும் கேக்கும். ஆப்டி மாத்தணும்னு முடிவு பண்ணிட்டு கடைசில வயர் செட் மாத்தினதோட சரியான ஓனர்கள் நிறைய பேர் இருக்காங்க.

வயர் நல்லா இருந்தா அடுத்தது வாட்டர் பம்ப். ஒரு சின்ன கண்ணாடியும் டார்ச்சும் வேணும். பம்போட அடில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், உள்ள சீல் தேய ஆரம்பிச்சா கூலன்ட் அந்த ஓட்டை வழியாத்தான் வெளிய வரும், நேரா கீழ இருக்கிற ஆப்டி மேல. தரைல சொட்டு விழணும்னு காத்திருக்காதீங்க, சூடான எஞ்சின்ல அது காய்ஞ்சுடும், ஓட்டைக்குக் கீழ வெள்ளையாவோ பச்சையாவோ ஆரஞ்சாவோ பொருக்குத் தட்டியிருக்கா, விரல்ல தொட்டா பிசுபிசுன்னு இருக்கான்னு பாருங்க. இருந்தா பம்ப் போயாச்சு, ஆப்டி இன்னும் ஓடிட்டிருந்தாலும் பம்ப உடனே மாத்துங்க, தள்ளிப் போடற ஒவ்வொரு வாரமும் ஆப்டியோட ஆயுசு குறையுது.

கூலன்ட் இல்லாம ஆயில் பிசுக்கா இருந்தா அது டைமிங் கவர் சீல். அந்தக் கவர்ல மூணு சீல் இருக்கு: கிராங்க்குக்கு ஒண்ணு, ஆப்டிக்கு ஒண்ணு, வாட்டர் பம்ப் ஷாஃப்ட்டுக்கு ஒண்ணு. இந்த எஞ்சின்ல வாட்டர் பம்புக்கு பெல்ட் கெடையாது, கேம்லேர்ந்து கியர் வழியா ஒரு குட்டி ஷாஃப்ட்தான் சுத்த வைக்குது, அதான் அங்க மூணாவது சீல். ஆப்டி கழட்டற அளவுக்கு வேலை போயிடுச்சுன்னா இந்த மூணையும் சேர்த்தே மாத்திடுங்க, சீல் விலை ஒண்ணுமே இல்ல, திரும்பக் கழட்டற வேலைதான் பெரிசு.

இப்போ ஆப்டியே கழட்டணும்னா சில விஷயம். கூலன்ட் இறக்கறதுக்கு முன்னாடியே ஆப்டி மேல பிளாஸ்டிக் கவரும் துணியும் போட்டு மூடுங்க, நல்லா இருந்த ஆப்டிய பம்ப் மாத்தறப்போ குளிப்பாட்டிக் கொன்னவங்க கதை எக்கச்சக்கம். கிராங்க் டேம்பர் (கிராங்க் ஷாஃப்ட் முன் முனைல சுத்தற கனமான சக்கரம்) மூணு போல்ட்ல ஹப் மேல நிக்குது, டேம்பர் மட்டும் கழட்டினா பல பேருக்கு ஆப்டி வெளிய வந்துடுது. ஹப்பையும் கழட்ட வேண்டி வந்தா இழுக்கறதுக்கு முன்னாடி ஹப்புக்கும் கவருக்கும் நடுவுல கோடு போட்டு மார்க் பண்ணிக்கோங்க, ஏன்னா ஹப்ல கீ கெடையாது, எந்தப் பக்கம் வேணா திரும்பி உக்காரும். திரும்ப மாட்டும்போது ஆப்டி கேம் முகத்துல தானா, கை அழுத்தத்துலயே போய் உக்காரணும். சரியா உக்காரலன்னா எடுத்துத் திருப்பிப் பாருங்க, போல்ட்ட முறுக்கி உள்ள இழுத்தா ஹவுசிங்கோ உள்ள பேரிங்கோ போயிடும். டிரைவ் டிசைன் வருஷத்துக்கு வருஷம் ஒரே மாதிரி இல்ல, ஆர்டர் போடறப்போ உங்க வருஷத்தச் சொல்லி வாங்குங்க.

முக்கியமானது இது: பழைய ஒரிஜினல் யூனிட்ட தூக்கிப் போட்டுடாதீங்க. அதுக்குள்ள இருக்கிற ஆப்டிகல் சென்சார் மிட்சுபிஷி பண்ணினது, இப்போ மார்க்கெட்ல சல்லிசா கிடைக்கிற முழு யூனிட்கள்ல வர்ற சென்சார் அந்தத் தரத்துக்குப் பக்கத்துலயே வராது. பேரிங் கரகரன்னு இல்லாம, சென்சாரும் நல்லா இருந்தா கேப், ரோட்டர், சீல் மட்டும் மாத்தி அதையே திரும்பப் போடறதுதான் புத்திசாலித்தனம். ரோட்டர் ஸ்க்ரூ ரெண்டுக்கும் ஒரு சொட்டு த்ரெட்லாக் (ஸ்க்ரூ லூசாகாம பிடிக்கிற பசை) கண்டிப்பா வைங்க, லூசாகி உள்ள சுத்தி கேப்பையே அரைச்சுடும். வென்ட் ஹோஸ் இருக்கிற யூனிட்டா இருந்தா அந்தக் குட்டி ஹோஸ் எல்லாம் வெடிச்சிருக்கான்னு பாருங்க, உள்ள பொறியால வர்ற ஓசோனையும் ஈரத்தையும் வாக்யூம் இழுத்து வெளிய எடுக்கறது அது வழியாத்தான்.

ஓடிட்டே இருக்கும்போது பட்டுன்னு ஆஃப், ஆறினா திரும்ப ஸ்டார்ட்

இது வந்தா மொதல்ல கோட் படிங்க. பழைய முறைல 16ன்னு வந்தா ஆப்டியோட லோ ரெசல்யூஷன் சிக்னல் (உள்வட்ட 8 துளை) விட்டுப் போகுது, 36னா ஹை ரெசல்யூஷன், அதாவது அந்த 360 துளை. கோட் வந்த உடனே பார்ட் ஆர்டர் போடாம ஆப்டிக்குப் போற வயர் கனெக்டரக் கழட்டிப் பாருங்க, பின்ல பச்சையா களிம்பு பிடிச்சிருக்கும், இல்ல லாக் உடைஞ்சு ஆடிட்டு இருக்கும், சுத்தம் பண்ணினா இல்ல அந்தச் சின்ன வயர் துண்ட மட்டும் மாத்தினா சரியாயிடும்.

கோட் எதுவும் இல்லாம ஆஃப் ஆகுதுன்னா எனக்கு சந்தேகம் இக்னிஷன் மாட்யூல் (காயிலுக்குக் கரன்ட்ட விட்டு விட்டுக் கொடுக்கற பார்ட்) மேலதான், காயில் கூட சேர்ந்து எஞ்சின் மேலயே உக்கார்ந்து சூட்டுல வேகற பார்ட் அது. அடுத்த தடவை நின்னதும் டூல் பாக்ஸ எடுத்து ரெண்டு விஷயம் பாருங்க, ஸ்பார்க் டெஸ்டர்ல பொறி வருதா, ஃப்யூயல் கேஜ்ல பிரஷர் இருக்கா. பொறி இல்ல பிரஷர் இருக்குன்னா மாட்யூல், காயில், ஆப்டி பக்கம். பொறி இருக்கு பிரஷர் இல்லன்னா டேங்க்குள்ள இருக்கிற பம்ப், ரிலே, வயரிங். வீட்டுக்கு டோ பண்ணிக் கொண்டு வந்து ஆறினப்புறம் டெஸ்ட் பண்ணினா எல்லாம் நல்லாத்தான் காட்டும், நின்ன இடத்துலயே பண்ற டெஸ்ட்டுக்குத்தான் மதிப்பு. ஆனா ரோட்டோரமா பாதுகாப்பா ஒதுக்கி நிறுத்தின பிறகு மட்டும்.

கிராங்க் பண்ணிக்கிட்டே இருந்தாத்தான் ஸ்டார்ட் ஆகுது

ஃப்யூயல் ரெயில்ல டெஸ்ட் போர்ட் இருக்கு, கேஜ் மாட்டி சாவி மட்டும் ஆன் பண்ணுங்க, 41லேர்ந்து 47 பிஎஸ்ஐ வரணும். அங்க வந்துட்டு, பம்ப் நின்னதும் சரசரன்னு கீழ விழுந்தா எங்கயோ லீக். ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டர்லேர்ந்து வாக்யூம் ஹோஸ பிடுங்கி மோந்து பாருங்க, பெட்ரோல் வாசமோ ஈரமோ இருந்தா டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கு, ரெகுலேட்டர் மட்டும் மாத்தினா போதும். இல்லன்னா பம்போட செக் வால்வு, இல்ல இன்ஜெக்டர் ஒழுகுது.

இன்ஜெக்டர் இந்தக் காலத்து ஜிஎம் எஞ்சின்ல பலவீனமான இடம், உள்ள காயில் சுத்து எத்தனால் கலந்த பெட்ரோல்ல ஊறி ஷார்ட் ஆகுது. மல்டிமீட்டர்ல எட்டையும் அளந்து எழுதுங்க, எட்டும் பக்கத்து பக்கத்து நம்பரா இருக்கணும், ஒண்ணு மட்டும் நல்லா கம்மியா இருந்தா அது கெட்டது. எஞ்சின் சூடா இருக்கும்போதும் ஒரு தடவை அளங்க, சிலது குளிர்ல நல்லாக் காட்டி சூட்டுல மட்டும் விழும். ஒண்ணு போனா மத்ததும் பின்னாலயே வரும், செட்டா மாத்திடறது நல்லது.

டெம்பரேச்சர் முள்ளு ஏறுது

பதறறதுக்கு முன்னாடி ஒண்ணு, ஃபேக்டரி செட்டிங்ல ஃபேனே 220 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினப்புறம்தான் ஆன் ஆகும், டிராஃபிக்ல முள்ளு பாதியத் தாண்டறது இந்தக் காருக்கு சகஜம். ஏசி போட்டுப் பாருங்க, ஃபேன் உடனே சுத்தணும். அது சுத்தலன்னா ரிலே, ஃப்யூஸ், மோட்டார். இன்னொரு விஷயம் கேஜுக்கு ஒரு சென்சார் ஹெட்ல, கம்ப்யூட்டருக்கு வேற சென்சார் வாட்டர் பம்ப்ல, ரெண்டும் வேற வேற. ஸ்கேனர்ல வர்ற நம்பரையும் முள்ளையும் ஒத்துப் பாருங்க, சென்சார் பொய் சொல்றதுக்கு ரேடியேட்டர் மாத்தினவங்க உண்டு.

நிஜமாவே ஏறுது, அதுவும் கூலன்ட் வேலை பண்ணினதுக்கு அப்புறம்தான் ஏறுதுன்னா உள்ள காத்து மாட்டியிருக்கு. எல்டி1ல கூலன்ட் தலைகீழா ஓடும், மத்த எஞ்சின்ல பிளாக்குக்கு முதல்ல போறது இதுல ஹெட்டுக்கு முதல்ல போகுது, அதனால மேல காத்து தங்கினா சட்டுன்னு சூடேறும், ஹீட்டர்ல சூடே வராது. தெர்மோஸ்டாட் ஹவுசிங் மேல பித்தளை ப்ளீடர் ஸ்க்ரூ இருக்கு, மெதுவா ஊத்தி, எஞ்சின் சூடாகிட்டு இருக்கும்போது அந்த ஸ்க்ரூவக் கொஞ்சம் திறந்து, நுரை இல்லாம சீரா ஓடற வரைக்கும் விட்டு மூடணும், அதுக்கும் முன்னாடி ஆப்டி மேல துணி போட்டாச்சான்னு பாருங்க. தெர்மோஸ்டாட் இந்த எஞ்சினுக்குன்னே வர்றதுதான் போடணும், மத்த ஸ்மால் பிளாக் (செவ்ரலேயோட பொதுவான வி8) எஞ்சினுக்கானது இதுக்கு ஆகாது. பிளாக்ல கூலன்ட் முழுசா இறங்கணும்னா நாக் சென்சார் திருகியிருக்கிற ஓட்டைதான் டிரெய்ன், திரும்ப மாட்டும்போது ஓவரா முறுக்கக் கூடாது. 96லேர்ந்து ஜிஎம் டெக்ஸ்கூல் ஆரஞ்சு கூலன்ட் போட ஆரம்பிச்சாங்க, பச்சையும் ஆரஞ்சும் கலந்து ஊத்தாதீங்க, எது உள்ள இருக்குன்னு தெரியலன்னா முழுசா அலசிட்டு ஒரே வகையா ஊத்துங்க.

எஞ்சினுக்குப் பின்னாடி ஆயில் சொட்டுது

ஒர்க்‌ஷாப்புக்குப் போனா "ரியர் மெயின் சீல், கியர்பாக்ஸ் இறக்கணும்"னு பெரிய பில் சொல்லுவாங்க, அது கிராங்க் ஷாஃப்ட்டோட பின்பக்க சீல். சொன்ன உடனே ஒத்துக்காதீங்க. இந்த எஞ்சின்ல இன்டேக் மேனிஃபோல்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் கேஸ்கெட்டே கெடையாது, சிலிகான் மட்டும்தான், பின்பக்க சிலிகான் வருஷக்கணக்கா சூட்டுல காய்ஞ்சு விட்டுடுது, ஆயில் பிளாக்கோட பின்சுவர் வழியா வழிஞ்சு பெல் ஹவுசிங் மேல இறங்கி அடில சொட்டும், கீழ படுத்துப் பார்க்கிறவனுக்கு ரியர் மெயின் மாதிரியேதான் தெரியும்.

கண்டுபிடிக்க வழி, எஞ்சினோட பின்பக்கத்த டிகிரீசர் போட்டு நல்லா கழுவி, காய வச்சு, ஆயில்ல யூவி லைட்ல ஒளிர்ற டை ஊத்தி கொஞ்ச நாள் ஓட்டிட்டு, யூவி லைட்டும் கண்ணாடியும் வச்சு மேலேர்ந்து பாருங்க. மேனிஃபோல்ட் சேர்ற இடத்துலேர்ந்தே கோடு கிளம்புதுன்னா இன்டேக். ஆயில் பிரஷர் சென்டரும் அங்கயேதான் பின்னாடி இருக்கு, அதுவும் ஒழுகும், அதையும் பார்த்துக்கோங்க. மேல எல்லாம் காய்ஞ்சு கிடக்க பெல் ஹவுசிங் உள்ள மட்டும் ஈரம்னா அப்போதான் ரியர் மெயின்னு பேசணும்.

இன்டேக் கழட்டி மாட்டறது ஒரு நாள் வேலை, அதுல சுத்தம் பண்றதுக்குத்தான் அதிக நேரம் கொடுங்க. பழைய சிலிகான பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பர்ல சுரண்டி, துண்டு எதுவும் உள்ள விழாம எஞ்சின் நடுப் பள்ளத்துக்குள்ள துணி அடைச்சு, கடைசில பிரேக் கிளீனர் நனைச்ச துணியால துடைச்சா துணி வெள்ளையா வரணும், அது வரைக்கும் விடாதீங்க. அப்புறம் முன்னும் பின்னும் 5 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரே நூலா சிலிகான், ரெண்டு ஓரத்துலயும் ஹெட் மேல கொஞ்சம் ஏறி நிக்கற மாதிரி. மேனிஃபோல்ட நேரா மேலேர்ந்து இறக்குங்க, இறக்கினப்புறம் முன்ன பின்ன நகர்த்தவே கூடாது, நகர்ந்தா எடுத்துட்டு முதல்லேர்ந்து திரும்ப. காயறதுக்கு டியூப்ல போட்டிருக்கிற நேரம் முழுசும் விட்டுட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணணும்.

கியர் வழுக்குது

4எல்60இ எந்த கியர்ல தப்பு பண்ணுதுன்னு குறிச்சு வைங்க, அதுலயே பதில் இருக்கு. 1, 2, ரிவர்ஸ் நல்லா இருந்து 3லயும் 4லயும் எஞ்சின் மட்டும் கத்திக்கிட்டு வண்டி போகலன்னா 3-4 கிளட்ச் எரிஞ்சு போச்சு. 1ம் 3ம் இருந்து 2, 4, ரிவர்ஸ் மூணும் ஒரே நேரத்துல காணாம போச்சுன்னா சன் ஷெல் (உள்ள கியர சுத்த வைக்கிற உலோகக் கூடு) உடைஞ்சிருக்கு. ரெண்டுக்கும் பெட்டி இறங்கியே ஆகணும், ஆயில் மாத்தினா சரியாகும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. ரீபில்ட் பண்றவர்கிட்ட கெட்டியான சன் ஷெல்லும் கார்வெட் செகண்ட் சர்வோவும் (ரெண்டாவது கியர இறுக்கிப் பிடிக்க வைக்கிற பிஸ்டன்) போடச் சொல்லிக் கேளுங்க, 4000 பவுண்டுக்கு மேல இருக்கிற வண்டிக்கு அது தேவை.

96ல பி1870 கோட் வந்து, டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கிறது) லாக் ஆகாம, சூடானப்புறம் ஷிஃப்ட் எல்லாம் டமார் டமார்னு விழுதுன்னா பெரும்பாலும் வால்வு பாடில அந்த லாக்க கட்டுப்படுத்தற வால்வு ஓடற துளை தேய்ஞ்சிருக்கு, அதுக்கு ரிப்பேர் கிட் கிடைக்குது, முழு ரீபில்டுக்கு முன்னாடி அதப் பண்ணிப் பார்க்கலாம். எல்லாத்துக்கும் முன்னாடி லெவல் பாருங்க, எஞ்சின் ஓடிட்டு, சூடா, பார்க்ல.

ஸ்டியரிங் அலையுது

ஹைவேல சும்மா நேரா போறதுக்கே கைய ஆட்டிக்கிட்டே இருக்கணும்னா அலைன்மென்ட்டுக்கு ஓடாதீங்க. கார் தரைல வீல்ல நிக்கட்டும், ஒருத்தர் உள்ள உக்கார்ந்து ஸ்டியரிங்க இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சின்னதா ஆட்டட்டும், நீங்க கீழேர்ந்து பாருங்க. ஐட்லர் ஆர்ம் (ஸ்டியரிங் கம்பியோட மறுமுனையத் தாங்கற கை) மேலயும் கீழயும் ஏறி இறங்குதா, நடுக் கம்பியான சென்டர் லிங்க் ஜாயின்ட் லேட்டா நகருதா, ஸ்டியரிங் ஷாஃப்ட்ல ரப்பர் கப்ளிங் தனியா முறுக்குதா. ஐட்லர் ஆர்ம்தான் முதல்ல போகும். தேய்ஞ்ச பார்ட்ட மாத்தினப்புறம் அலைன்மென்ட் பண்ணுங்க, ஸ்டியரிங் கியர்பாக்ஸ் மேல இருக்கிற ஸ்க்ரூவ மட்டும் இறுக்கி ஆட்டத்த மறைக்கப் பார்க்கக் கூடாது, நேரா வந்து நிக்க வேண்டிய ஸ்டியரிங் திரும்பாம மாட்டிக்கும்.

கீழ படுத்திருக்கும்போதே ஃப்ரேமையும் தட்டிப் பாருங்க, ஏன்னா இது பாடி தனி ஃப்ரேம் தனி வண்டி. உப்பு போடற ஊர்ல ஓடின காரா இருந்தா பின் வீலுக்கு மேல வளையற இடம், பாடி மவுன்ட் உக்கார்ற இடம், ஃப்ரேம் ஓரமா போற பிரேக் லைன், ஃப்யூயல் லைன் எல்லாத்தையும் சுத்தியல் கைப்பிடியால தட்டுங்க, டங்னு வராம மொத்துன்னு வந்தாலோ பொரை பொரையா உதிர்ந்தாலோ மத்த எந்த ரிப்பேருக்கும் காசு எடுக்கறதுக்கு முன்னாடி அத வெல்டர்கிட்ட காட்டுங்க, வாங்கப் போற காரா இருந்தா விட்டுட்டு வேற பாருங்க.